நான்கு கோர் போர்டுக்கு மாறிய பிறகு பிக் கணக்கு தவறுகிறது: டிரைவரில் எங்கே பிழை?

நகரித்தறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆந்திர எல்லையில், நகரிக்கு அருகே, விசைத்தறிக் கூடங்களுக்குப் பிக் (தறியில் ஊடை நூல் ஒரு முறை ஓடுவது) எண்ணும் கருவி செய்து தரும் சிறு பட்டறை ஒன்றில் மென்பொருள் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. கூடத்தில் பாதிப் பேர் தெலுங்கும் பாதிப் பேர் தமிழும் பேசுகிறார்கள். ஆனால் லினக்ஸ் கெர்னல் டிரைவரை (இயங்குதளத்தின் மையத்தில் ஓடி வன்பொருளைக் கையாளும் நிரலை) பற்றிக் கலந்து பேச எந்த மொழியிலும் இப்பக்கம் ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் சற்று விரிவாகவே கேட்கிறேன்.

ஒவ்வொரு தறியின் தண்டருகிலும் ஒரு பிராக்சிமிட்டி சென்சார் இருக்கிறது. ஊடை ஒரு முறை ஓடினால் ஒரு துடிப்பு வரும். 32 தறிகளின் துடிப்புகளும் எங்கள் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைக்கக்கூடிய சில்லு) அட்டைக்கு வந்து, அதிலுள்ள 32 பிட் நிலை ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தில் தத்தம் பிட்டை 1 ஆக்குகின்றன. ஏதேனும் ஒரு பிட் 1 ஆனவுடன் அட்டையின் ஒரே இன்டரப்ட் (குறுக்கீட்டு) இணைப்பு உயர்ந்து, அதற்குப் பதிலளிக்கும் டிரைவர் பகுதியான ஹேண்ட்லர் ஓடுகிறது. அது ரெஜிஸ்டரைப் படித்து, உரிய தறிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, படித்த பிட்டுகளை அழித்துவிடுகிறது. மேலே ஓடும் நிரல் வினாடிக்கு ஒரு முறை டிரைவரிடம் படிக்கிறது. அப்போது டிரைவர் 32 எண்களையும் நிரலுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, அனைத்தையும் பூஜ்யமாக்குகிறது.

பழைய ஒற்றைக் கோர் (செயலி மையம்) போர்டில் இது ஆறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தச் சில்லு கிடைக்காமல் போனதால் நான்கு கோர் ஆர்ம் போர்டுக்கு மாறினோம். கெர்னல் 5.10. டிரைவரில் ஒரு வரியும் மாற்றவில்லை. அதன் பிறகு 8 மணி நேர ஷிப்டு ஒன்றில், தறிகளில் உள்ள மெக்கானிக்கல் மீட்டரோடு ஒப்பிட்டால், கூடம் முழுவதற்கும் சேர்த்து ஏழிலிருந்து பத்து பிக் வரை குறைகிறது. இதைவிட எனக்குப் புரியாதது, ஒரு மாதத்தில் ஓரிரு முறை ஏதாவது ஒரு தறியில் சரியாக 2 பிக் கூடுதலாக வருவது. நிமிடத்துக்கு 120 பிக் ஓடும் தறியில் இது அற்பமான வேறுபாடுதான். ஆயினும் கூலி பிக் கணக்கில்தான் தரப்படுகிறது. தறி ஓட்டும் ஓர் அம்மா தன் மீட்டரைக் காட்டி, "உங்கள் மெஷின் என் கணக்கைக் குறைக்கிறது" என்று சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

செய்து பார்த்தவை: எண்ணிக்கை வரிசையை வோலடைல் என்று அறிவித்தேன், மாற்றம் இல்லை. படித்துப் பூஜ்யமாக்கும் இடத்தைச் சுற்றி, குறுக்கீட்டை அணைக்கும் லோக்கல்_ஐஆர்க்யூ_டிசேபிள் முதலிலிருந்தே இருக்கிறது. அது இருந்தும் பிழை வருகிறது. அதை எடுத்துவிட்டு ஹேண்ட்லரிலும் படிக்கும் பகுதியிலும் ஸ்பின்_லாக் (கிடைக்கும்வரை சுழன்றபடி காத்திருக்கும் பூட்டு) போட்டேன். கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் ஷிப்டுக்கு இரண்டு முறையாவது போர்டு உறைந்து, 10 வினாடியில் வாட்ச்டாக் அதை மறுதொடக்கம் செய்கிறது. பதிவேட்டில் ஒரு செய்தியும் இல்லை. பிறகு டாஸ்க்செட் மூலம் படிக்கும் நிரலை 2 ஆம் கோரில் மட்டும் ஓடும்படி கட்டினேன். உறைவது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தெரியாமல் இதைக் கூடங்களுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.


கொழிஞ்சாம்பாறை எழுதியது:

தம்பி, நீங்கள் தந்திருக்கும் எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. பாலக்காட்டு எல்லையில் தொழிற்சாலைக் கருவிகளுக்கு நெடுங்காலம் டிரைவர் எழுதியவன் என்ற முறையில், ஒவ்வொரு அறிகுறியையும் அதன் காரணத்தோடு பொருத்திக் காட்ட முயல்கிறேன்.

லோக்கல்_ஐஆர்க்யூ_டிசேபிள் என்ற பெயரிலுள்ள "லோக்கல்" என்ற சொல்தான் இங்கே உயிர். அது அழைக்கப்பட்ட கோரில் மட்டும் குறுக்கீட்டைத் தடுக்கும். ஒற்றைக் கோர் போர்டில் இருப்பதே ஒரு கோர் என்பதால் அதுவே முழுப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது உங்கள் நிரல் 3 ஆம் கோரில் தன் குறுக்கீட்டை அணைத்துவிட்டு நிம்மதியாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், 0 ஆம் கோரில் உங்கள் ஹேண்ட்லர் எந்தத் தடையும் இன்றி ஓடுகிறது. லினக்ஸ் 1996 இல் வெளியான 2.0 பதிப்பிலேயே பல செயலிகளை ஆதரிக்கத் தொடங்கியபோது, எல்லாக் கோர்களிலும் குறுக்கீட்டை ஒருசேர அணைக்கும் வசதி இருந்தது. அதன் விலை தாங்க முடியாததாக இருந்ததால் 2002 இல், 2.5 வளர்ச்சி வரிசையில், அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே, "உலகத்தை நிறுத்திவிட்டு என் வேலையை முடிக்கிறேன்" என்று இன்று ஒரு டிரைவரால் சொல்ல முடியாது. இந்தத் தரவு யாருடன் பகிரப்படுகிறது என்று யோசித்து, அந்தத் தரவுக்கு ஒரு பூட்டு வைப்பது ஒன்றே வழி.

கணக்கு குறைவதைப் பார்ப்போம். ஒரு தறியின் எண்ணைப் பிரதி எடுத்த கணத்துக்கும் அதைப் பூஜ்யமாக்கும் கணத்துக்கும் இடையில் அந்தத் தறியின் துடிப்பு வந்தால், ஹேண்ட்லர் கூட்டிய ஒன்று பிரதியிலும் சேராது, பூஜ்யத்தில் அழிந்தும் போகும். 32 தறி, நிமிடத்துக்கு 120 பிக் என்றால் கூடத்துக்கு வினாடிக்கு 64 துடிப்பு. அந்த இடைவெளி 5 மைக்ரோ வினாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை படிக்கும்போது ஒரு துடிப்பு அதில் விழும் வாய்ப்பு 0.00032. எட்டு மணி நேரத்தில் 28,800 முறை படிக்கிறீர்கள். பெருக்கினால் 9 சொச்சம் வருகிறது. நீங்கள் சொன்னது ஏழிலிருந்து பத்து. இடைவெளியை நான் ஊகித்தேன் என்பது உண்மைதான், ஆனால் அளவு இவ்வளவு அருகில் வரும்போது வேறு குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை.

அடுத்து, அந்த 2 பிக் கூடுதல். நான் மிகவும் மதிக்கும் அறிகுறி அதுதான். குறைவுக்குப் பழுதான சென்சார், தளர்ந்த ஒயர் என்று நூறு காரணம் சொல்லலாம். வராத துடிப்பு வந்ததாகக் கணக்கு காட்டுவதற்கு அப்படிக் காரணம் சொல்வது கடினம். சி மொழியில் ஒரே குறியீடாகத் தோன்றும் "ஒன்றைக் கூட்டு" என்பது ஆர்ம் செயலியில் மூன்று படிகள்: நினைவகத்திலிருந்து எடு, கூட்டு, திருப்பி எழுது. ஹேண்ட்லர் 2 என்ற மதிப்பை எடுத்துவிட்டது. அது திருப்பி எழுதும் முன், மற்றொரு கோரில் உங்கள் நிரல் அந்த 2 ஐப் பெற்றுக்கொண்டு பூஜ்யம் எழுதிவிட்டது. இப்போது ஹேண்ட்லர் தன் கையிலுள்ள 3 ஐ எழுதுகிறது. ஏற்கெனவே கொடுத்து முடித்த 2 உயிர்த்தெழுந்து அடுத்த வினாடியில் மறுபடியும் கணக்கில் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் ஒருவர் கரும்பலகையில் லிட்டரைக் கூட்டி எழுத, அவர் பார்க்காதபோது மற்றொருவர் பலகையைத் துடைத்துவிட்டால், முன்னவர் மனத்தில் வைத்திருந்த பழைய கூட்டுத்தொகையையே மறுபடியும் எழுதிவிடுவார் அல்லவா, அதேதான். வினாடிக்கு ஒரு தறிக்கு 2 பிக் என்பதால் கூடுதலும் சரியாக 2. இந்த மூன்று படிகளின் இடைவெளி நானோ வினாடிகளில் இருப்பதால் ஷிப்டு தோறும் வராமல் எப்போதோ ஒரு முறை வருகிறது. வோலடைல் இதைத் தடுக்காது. மதிப்பை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து எடுக்கச் சொல்வதைத் தவிர, மூன்று படிகளை ஒன்றாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இனி உறைவது. ஸ்பின்_லாக் பூட்டைப் பெற்றுக்கொண்டு உங்கள் நிரல் 0 ஆம் கோரில் ஓடுகிறது. குறுக்கீடு அணைக்கப்படவில்லை. அந்த நேரம் பார்த்து அதே கோருக்கு அட்டையின் குறுக்கீடு வருகிறது. ஹேண்ட்லர் நிரலை இடைநிறுத்திவிட்டு அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டு நிரலின் கையில் இருக்கிறது. நிரலோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் அசைய முடியும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க, அந்தக் கோர் என்றென்றைக்கும் சுழன்றுகொண்டிருக்கும். ஆர்ம் போர்டுகளில் குறுக்கீடு பெரும்பாலும் 0 ஆம் கோருக்கே செல்லும். ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் உங்கள் போர்டிலும் அப்படியா என்று தெரியும். நிரல் நான்கில் ஒரு பங்கு நேரம் 0 ஆம் கோரில் அமர்கிறது என்று கொண்டால், முன்பு கண்ட 9 ஐ நான்கால் வகுத்தால் ஷிப்டுக்கு இரண்டு முறை. நீங்கள் சொன்ன எண் அதுவே. நிரலை 2 ஆம் கோரில் கட்டியவுடன் நிரலும் ஹேண்ட்லரும் ஒரே கோரில் சந்திக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. ஹேண்ட்லர் 0 ஆம் கோரில் சில மைக்ரோ வினாடி காத்திருந்து பூட்டைப் பெற்றுவிடும். அதனால்தான் நின்றது. நாளை யாராவது குறுக்கீட்டை வேறு கோருக்கு மாற்றினால் மறுபடியும் உறையும்.

செய்தி ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு கோர் சிக்கிக்கொண்டால் கெர்னலின் ஆர்சியூ கண்காணிப்பு எச்சரிக்கும். அதன் இயல்பான காத்திருப்பு 21 வினாடி. உங்கள் வாட்ச்டாக் 10 வினாடியிலேயே போர்டைக் கொன்றுவிடுகிறது. சோதனையின்போது வாட்ச்டாக்கை ஒரு நிமிடமாக்கி, சீரியல் கன்சோலை இணைத்து வையுங்கள்.

திருத்தம் இதுதான். படிக்கும் பகுதியில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பயன்படுத்துங்கள். அது உள்ளூர்க் குறுக்கீட்டை அணைத்து, அதன் முந்தைய நிலையையும் நினைவில் வைத்து, பிறகு பூட்டைப் பெறும். உள்ளூர் அணைப்பு ஒரே கோர் மோதலைத் தடுக்கிறது, பூட்டு மற்ற கோர்களைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின்_லாக் போதும், ஏனெனில் 2.6.35 முதல் எல்லா ஹேண்ட்லர்களும் உள்ளூர்க் குறுக்கீடு அணைந்த நிலையிலேயே ஓடுகின்றன. மேலும் ஒரு குற்றம் உங்கள் டிரைவரில் ஒளிந்திருக்கிறது: நிரலுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் காப்பி_டு_யூசர் அழைப்பைப் பூட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நிரலின் நினைவகப் பக்கம் அப்போது இல்லையென்றால் அந்த அழைப்பு உறங்கக்கூடும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு உறங்கக் கூடாது. பூட்டுக்குள் 32 எண்களையும் ஓர் உள்வரிசைக்கு மாற்றி, மூலத்தைப் பூஜ்யமாக்கி, பூட்டை விட்டபிறகு உள்வரிசையிலிருந்து நிரலுக்குக் கொடுங்கள்.

பட்டறையிலுள்ள சோதனைப் போர்டில், பூட்டுகளின் பயன்பாட்டைச் சரிபார்க்கும் லாக்டெப் வசதியை இயக்கிக் கெர்னலைத் தொகுங்கள். 2006 இல் 2.6.18 பதிப்போடு வந்த அது, ஒரே பூட்டு ஒரு முறை குறுக்கீட்டுக்குள்ளும் மற்றொரு முறை குறுக்கீடு திறந்த நிலையிலும் எடுக்கப்பட்டதைக் கண்டவுடனே முறையிடும். போர்டு உறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் முதல் ஸ்பின்_லாக் முயற்சியை முதல் நிமிடத்திலேயே அது பிடித்திருக்கும்.


பீர்மேடு எழுதியது:

பெரியவர் விளக்கம் மிகத் தெளிவு. எனக்கு ஓர் ஐயம். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் தொட்டிகளின் ஈரப்பத மானிகளுக்காக நாங்கள் எழுதிய டிரைவரில் பூட்டே கிடையாது. படிக்கும் முன் டிசேபிள்_ஐஆர்க்யூ, படித்தபின் எனேபிள்_ஐஆர்க்யூ. அது அந்த இன்டரப்ட் இணைப்பையே எல்லாக் கோர்களுக்கும் அணைத்துவிடுகிறது, வேறொரு கோரில் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கவும் செய்கிறது. நகரி நண்பருக்கு இதுவே எளிதல்லவா?


கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நீங்கள் சொல்வது தவறில்லை. வினாடிக்கு ஒரு முறை படிப்பதற்கு அதன் செலவும் பொருட்டல்ல. அணைந்திருக்கும்போது வந்த துடிப்பு அட்டையின் ரெஜிஸ்டரிலேயே தங்கியிருப்பதால் இழப்பும் நேராது. ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு.

அது நிரலுக்கும் ஹேண்ட்லருக்கும் இடையிலான மோதலை மட்டுமே தடுக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் படித்தால், இரண்டும் தனித்தனிக் கோர்களில் அதே வரிசையைப் பிரதி எடுத்துப் பூஜ்யமாக்கப் போட்டியிடும். அதற்குத் தனியாக ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வேண்டும். அதே இணைப்பை வேறொரு சாதனமும் பகிர்ந்துகொண்டால் அதன் குறுக்கீட்டையும் சேர்த்து நிறுத்திவிடுவீர்கள். காத்திருக்கும் குணமே ஆபத்தாகவும் மாறும்: ஹேண்ட்லருக்குத் தேவையான ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு டிசேபிள்_ஐஆர்க்யூவை அழைத்தால், ஹேண்ட்லர் பூட்டுக்காகவும் நீங்கள் ஹேண்ட்லருக்காகவும் காத்திருப்பீர்கள். ஹேண்ட்லருக்குள்ளிருந்தே அழைத்தால் அது தனக்காகத் தானே காத்திருக்கும். இன்று பூட்டே இல்லாத உங்கள் டிரைவரில் இவை எதுவும் நேராது. நாளை அதில் யாராவது ஒரு பூட்டைச் சேர்க்கும்போது இந்த விதி அவர் நினைவுக்கு வருமா என்பதுதான் என் கவலை.


குப்பம்_வடக்கு எழுதியது:

நகரி நண்பரே, பெரியவர் சொன்ன திருத்தம் சரி, இன்றே செய்யுங்கள். ஆனால் பூட்டைப் பற்றி யோசிக்கும் முன், இந்த மோதல் எதனால் பிறந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் எண்ணிக்கை வரிசையில் இருவர் எழுதுகிறார்கள்: ஹேண்ட்லர் கூட்டுகிறது, படிக்கும் பகுதி பூஜ்யமாக்குகிறது. இரண்டாமவர் ஏன் எழுத வேண்டும்?

பூஜ்யமாக்குவதை அடியோடு விட்டுவிடுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகட்டும். நிரல் சென்ற முறை கண்ட எண்ணை நினைவில் வைத்து, இப்போதைய எண்ணிலிருந்து கழித்துக்கொள்ளட்டும். ஒரு குறிப்பிட்ட இணைப்பின் ஹேண்ட்லரை லினக்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு கோர்களில் ஓட்டாது என்பது கெர்னல் தரும் உறுதி. எனவே எழுதுபவர் ஒருவரே ஆகிறார். படிப்பவர் எத்தனை பேராக இருந்தாலும் ஒருவரை ஒருவர் கெடுக்க முடியாது; மேஸ்திரியின் திரைக்குத் தனி நிரல் வேண்டுமென்றாலும் வைத்துக்கொள்ளலாம். எழுதும் இடத்தில் ரைட்_ஒன்ஸ், படிக்கும் இடத்தில் ரீட்_ஒன்ஸ் போட்டால், கம்பைலர் அந்த அணுகலைப் பிளக்கவோ இணைக்கவோ முயலாது. எண்ணிக்கைக்குப் பூட்டே தேவையில்லை.

குறியற்ற 32 பிட் எண் நிரம்பிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். வினாடிக்கு 2 பிக் வீதம் நிற்காமல் ஓடினாலும் அது நிரம்ப 68 ஆண்டுகள் ஆகும், நிரம்பினாலும் குறியற்ற கழித்தல் சரியான விடையையே தரும். உங்கள் போர்டு 32 பிட் வகை என்றால் 64 பிட் எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள். அங்கே அது இரண்டு தனி எழுத்துகளாகப் பிரிந்து, படிப்பவர் பாதி பழையதும் பாதி புதியதுமான ஓர் எண்ணைப் பெறக்கூடும். கவனிக்க வேண்டியது ஒன்றே: போர்டு மறுதொடக்கமானால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கெர்னல் ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாகத் தரும் பூட்_ஐடியையும் நிரல் சேமித்து வைத்தால், அது மாறியதைக் கண்டு தன் பழைய எண்ணைக் கைவிட்டுவிடலாம்.

நிலை ரெஜிஸ்டரை எப்படி அழிக்கிறீர்கள் என்பதையும் யோசித்தேன். எல்லாப் பிட்டுகளிலும் 1 எழுதி அழித்திருந்தால், படித்ததற்கும் அழித்ததற்கும் இடையில் வந்த பிற தறிகளின் துடிப்புகள் போய்விடும். அந்த இடைவெளி ஒரு மைக்ரோ வினாடி என்றாலும், வினாடிக்கு 64 முறை ஓடும் ஹேண்ட்லரில் அது ஷிப்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இழப்பாக வந்திருக்கும், பழைய போர்டிலும் வந்திருக்கும். ஆகவே நீங்கள் சொன்னபடி படித்த பிட்டுகளை மட்டுமே அழிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இணைப்பு விளிம்பு வகையாக (உயரும் கணத்தில் மட்டும் குறுக்கீடு) அறிவிக்கப்பட்டுள்ளதா, மட்ட வகையாகவா (உயர்ந்திருக்கும்வரை குறுக்கீடு) என்று, போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் பாருங்கள். விளிம்பு வகை என்றால், ஹேண்ட்லர் முடியும்போது ஒரு பிட் மிச்சம் இருந்தாலும் இணைப்பு உயர்ந்தபடியே நின்று, புதிய விளிம்பு வராமல், அட்டை முழுவதும் ஊமையாகிவிடும். உங்கள் அட்டை நடந்துகொள்ளும் விதத்துக்கு மட்ட வகையே பொருத்தம்.

கடைசியாக ஒரு கேள்வி. நின்றுபோன தறியின் சென்சார் பாதி நிலையில் நடுங்கிக்கொண்டு துடிப்புகளைக் கொட்டுமே, அந்தத் தறியின் குறுக்கீட்டை மட்டும் தடுக்கும் மறைப்பு ரெஜிஸ்டர் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அதை யார் யார் எழுதுகிறார்கள்?


நகரித்தறி எழுதியது:

கொழிஞ்சாம்பாறை ஐயாவுக்கும் குப்பம் நண்பருக்கும் நன்றி சொல்லச் சொற்கள் போதவில்லை. ஐயா ஊகித்தது போலவே காப்பி_டு_யூசர் பூட்டுக்குள்தான் இருந்தது. இன்டரப்ட்ஸ் கோப்பில் எங்கள் அட்டையின் எண்ணிக்கை முழுவதும் 0 ஆம் கோரின் பத்தியில்தான் இருக்கிறது. லாக்டெப் இயக்கிய கெர்னலில் பழைய ஸ்பின்_லாக் டிரைவரை ஏற்றினேன். நிரல் தொடங்கிய சில வினாடிகளிலேயே பூட்டின் நிலை முரண்படுகிறது என்ற நீண்ட அறிக்கை வந்து, இரண்டு இடங்களையும் வரி எண்ணோடு காட்டிவிட்டது.

மறைப்பு ரெஜிஸ்டரைப் பற்றிய கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. ஒரு தறி அளவுக்கு மீறித் துடித்தால் ஹேண்ட்லர் அதன் பிட்டை மறைக்கிறது. தறி மறுபடியும் ஓடத் தொடங்கும்போது மேஸ்திரி பொத்தானை அழுத்த, நிரல் ஐஆக்டில் (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) மூலம் அதைத் திறக்கிறது. இருவரும் ரெஜிஸ்டரைப் படித்து, ஒரு பிட்டை மாற்றி, திருப்பி எழுதுகிறார்கள், எந்தப் பூட்டும் இல்லாமல். சில வாரங்களுக்கு முன் ஒரு தறி ஷிப்டு முழுவதும் பூஜ்யம் காட்டியது. சென்சார் பழுது என்று மாற்றினோம். அப்போது போர்டையும் அணைத்து இயக்கியதால் சரியாகிவிட்டது. கழற்றிய சென்சாரை இன்று மேசையில் வைத்துச் சோதித்தேன். அது நன்றாகவே வேலை செய்கிறது. மேஸ்திரி அந்தத் தறியைத் திறந்த கணத்தில் ஹேண்ட்லர் வேறொரு தறியை மறைத்திருக்க வேண்டும். தான் முன்பே படித்து வைத்த பழைய மதிப்பை அது எழுதியதில் திறப்பு அழிந்துபோயிருக்கிறது.

இப்போது மறைப்பின் நகல் ஒன்றை நினைவகத்தில் வைத்து, நகலை மாற்றுவதையும் ரெஜிஸ்டரில் எழுதுவதையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். எண்ணிக்கையைப் பூஜ்யமாக்காமல் ஏறவிட்டேன். டாஸ்க்செட் எடுக்கப்பட்டுவிட்டது. துடிப்பு உருவாக்கியை வைத்து 32 வழிகளிலும் நிஜத் தறியைவிட நூறு மடங்கு வேகத்தில் ஓரிரவு முழுவதும் ஓட்டியதில் ஒரு துடிப்பும் தவறவில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. துடிப்பு வந்துகொண்டிருக்கும்போது டிரைவர் மாட்யூலை நீக்கினால், பத்து முறைக்கு ஒரு முறை கெர்னல் விழுந்துவிடுகிறது. இன்டரப்டை டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ மூலம் பெற்றிருக்கிறேன். எண்ணிக்கை வரிசைக்கான நினைவகத்தைக் கேமல்லாக் மூலம் பெற்று, மாட்யூலை நீக்கும்போது ஓடும் ரிமூவ் செயல்பாட்டில் கேஃப்ரீ மூலம் விடுவிக்கிறேன். கூடங்களில் யாரும் மாட்யூலை நீக்கப் போவதில்லை என்றாலும் இதைத் தீர்க்காமல் விட விருப்பமில்லை.


கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நீக்கப் போவதில்லை என்று விடாதது நல்லது. பயன்பாட்டில் இருக்கும் ஒருவரை அப்புறப்படுத்தும் முன் அவர் நிற்கும் தரையைப் பெயர்க்கிறீர்கள். டெவ்எம் என்று தொடங்கும் வளங்களை கெர்னல் தானே விடுவிக்கும், ஆனால் ரிமூவ் செயல்பாடு முழுவதும் முடிந்த பிறகுதான் விடுவிக்கும். நீங்கள் ரிமூவுக்குள் கேஃப்ரீ செய்த கணத்திலிருந்து, அது திரும்பி கெர்னல் இன்டரப்டை விடுவிக்கும் கணம் வரை, ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது, வரிசையோ இல்லை. அந்த இடைவெளியில் ஒரு துடிப்பு வந்தால் பிறருடைய நினைவகத்தில் அது ஒன்றைக் கூட்டும். உடனே விழுந்தால் நல்லூழ். விழாமல் வேறெங்கோ ஒரு மதிப்பைக் கெடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருப்பதுதான் கொடியது.

வரிசையையும் டெவ்எம்_கேசீஅல்லாக் மூலமே பெறுங்கள், அதுவும் இன்டரப்டைக் கோருவதற்கு முன்பாகவே பெறுங்கள். டெவ்எம் வளங்கள் பெற்ற வரிசைக்கு நேர்மாறாக விடுவிக்கப்படும்: இன்டரப்ட் முதலில் போகும், அப்போது வேறு கோரில் ஓடும் ஹேண்ட்லர் முடியும்வரை கெர்னல் காத்திருக்கும், அதன் பிறகே வரிசை போகும். ரிமூவில் நீங்கள் செய்ய வேண்டியது எல்லா வழிகளையும் அட்டையில் மறைப்பது, பிறகு அதே ரெஜிஸ்டரை ஒரு முறை திருப்பிப் படிப்பது. எழுதியது செயலிக்கும் அட்டைக்கும் இடையிலான தரவுப் பாதையில் எங்காவது தங்கியிருந்தால் அந்தப் படிப்பு அதை அட்டை வரை தள்ளிவிடும். டைமர் வைத்திருந்தால் அதன் கதை தனி: டைமர் ஹேண்ட்லரைத் தூண்டுமா, ஹேண்ட்லர் டைமரை மறுபடி முடுக்குமா என்று பார்த்து, முடுக்குபவரை முதலில் நிறுத்த வேண்டும்.

ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். இன்டரப்டைக் கோரும் அழைப்பு திரும்பி வரும் முன்பே ஹேண்ட்லர் மற்றொரு கோரில் ஓடத் தொடங்கலாம். ஸ்பின்லாக்கைத் தயார்செய்வது உட்பட எல்லாம் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.


நகரித்தறி எழுதியது:

ஐயா, மாட்யூலை ஏற்றும்போது ஓடும் என் ப்ரோப் செயல்பாட்டில் ஸ்பின்லாக்கைத் தயார்செய்யும் வரி இன்டரப்டைக் கோரியதற்கு மூன்று வரி கீழே இருந்தது. மேலே ஏற்றிவிட்டேன். வரிசையையும் நீங்கள் சொன்னபடி டெவ்எம் மூலம் முன்னதாகவே பெறுகிறேன். துடிப்பு உருவாக்கி முழு வேகத்தில் ஓட, மாட்யூலை 500 முறை ஏற்றி இறக்கிப் பார்த்தாயிற்று. ஒரு முறையும் விழவில்லை.

நேற்று முதல் புதிய டிரைவர் ஒரு கூடத்தில் ஓடுகிறது. மூன்று ஷிப்டுகளிலும் 32 தறிகளின் கணக்கும் மெக்கானிக்கல் மீட்டரோடு ஒத்திருந்தது. பழைய பதிவுகளையும் மீட்டர் குறிப்பேட்டையும் எடுத்துச் சென்று, எந்தெந்த ஷிப்டில் எந்தத் தறிக்கு எவ்வளவு குறைந்தது, எந்தத் தறி பூஜ்யம் காட்டியது என்று கூடத்து முதலாளியிடம் காட்டினேன். சனிக்கிழமைக் கூலியோடு அந்த மீதத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.